பன்றியின் தோளுக்குக் கவசம் உண்டு, நம் தோளுக்கு?



திங்கட்கிழமை காலை. பெரட்டுக்கு வந்து நிற்கும் ஒருவர் சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருக்கிறார். வலது கை தொங்குகிறது.

"என்னண்ணே, தோளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. நேத்து பன்றிக்குப் போனோம். துப்பாக்கி கொஞ்சம் உதைச்சிடுச்சு."

அன்றைக்கும் அவர் வெட்டுக்குப் போகிறார். தலைக்கு மேலே கம்பைத் தூக்கி, அரிவாளை மாட்டி இழுக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடியும் துப்பாக்கி. இரண்டு மாதம் போனபின் தலை வாரக்கூட கை மேலே எழும்பவில்லை. இது எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய கதைதான்.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர் தோட்டத்துக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஆனால் தோள் எல்லாருக்கும் உண்டு. துப்பாக்கியைத் தொடாதவர்களும் இதைப் படியுங்கள். குலை வெட்டுபவர், மருந்து பம்ப் சுமப்பவர், பால் வாளி தூக்குபவர் எல்லாருக்கும் இதில் செய்தி இருக்கிறது.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வருகிறது. குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கினால் வரும் கணக்கும், துப்பாக்கியின் எடையை அது பின்னால் வரும் வேகத்தால் பெருக்கினால் வரும் கணக்கும் சமம். இது இயற்கையின் விதி. எந்தக் கம்பெனித் தோட்டாவானாலும் இதை மீற முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 போர் துப்பாக்கி, எடை 3 கிலோ. உள்ளே 28 கிராம் ஒற்றைக் குண்டுத் தோட்டா. குண்டு வினாடிக்கு 480 மீட்டர் வேகத்தில் போகிறது. 28ஐ 480ஆல் பெருக்கி, 3,000 கிராமால் வகுத்தால், துப்பாக்கி வினாடிக்கு ஏறக்குறைய 4.5 மீட்டர் வேகத்தில் உங்கள் தோளுக்குள் வருகிறது. அந்த உதையின் சக்தி, ஒரு கிலோ கல் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வெடிமருந்துப் புகையின் தள்ளலையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அதே 28 கிராம் குண்டு வினாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் போகும் மென்மையான தோட்டாவானால்? அதே கல் 1.8 மீட்டரிலிருந்து விழுந்த மாதிரி. அடியில் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்துவிட்டது.

தோட்டாவை மாற்றாமல் துப்பாக்கி மட்டும் அரைக் கிலோ கூடுதலாக இருந்தால் உதை ஏழில் ஒரு பங்கு குறையும். "லேசான துப்பாக்கிதான் சுகம்" என்று சொல்வது சுமந்து நடக்கும்போது சரி. சுடும்போது அதுதான் அதிகம் உதைக்கும்.

பலமான தோட்டாதான் பன்றியைச் சாய்க்குமா?

"உதைச்சாத்தானே விழும்? மெதுவான தோட்டாவுக்குப் பன்றி மசியுமா?" என்று கேட்பார்கள். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

மேலே சொன்ன விதியையே திருப்பிப் பாருங்கள். குண்டு பன்றியைத் தள்ளும் தள்ளல், துப்பாக்கி உங்களைத் தள்ளிய தள்ளலைவிட அதிகமாக இருக்க முடியாது. அந்த உதையில் நீங்கள் விழவில்லை. பிறகு 100 கிலோ பன்றி எப்படி விழும்? குண்டு பன்றியைத் தள்ளி வீழ்த்துவதில்லை. உடம்புக்குள் போய் இதயத்தையோ நுரையீரலையோ கிழிக்கிறது. இரத்தம் வடிகிறது, மூளைக்கு இரத்தம் போகவில்லை, விலங்கு சாய்கிறது. இதயத்தில் பட்ட பன்றிகூடச் சிறிது தூரம் ஓடித்தான் விழும். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் மட்டுமே நின்ற இடத்தில் விழும்.

ஆகவே இரண்டு விஷயம்தான் முக்கியம். குண்டு சரியான இடத்தில் பட வேண்டும். அந்த இடம் வரை உள்ளே போக வேண்டும்.

12 போர் ஒற்றைக் குண்டு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அகலம். விரிய வேண்டிய அவசியமே அதிகம் இல்லை, துளை முதலிலேயே பெரியது. கிட்டத்தில் சுட்டால் மென்மையான தோட்டாவுக்கும் பன்றியின் நெஞ்சுவரை போகும் வலு உண்டு. ரைபிள் குண்டின் கதை வேறு. அது மெல்லியது, வேகம் அதிகம். உடம்புக்குள் நுழைந்ததும் அதன் ஈய முனை காளான் மாதிரி விரிகிறது, சில சமயம் துண்டு துண்டாகவும் சிதறுகிறது.

பெரிய ரவைத் தோட்டாவில் எட்டு ஒன்பது ஈய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் மூன்றரைக் கிராம் அளவு. முனை குறுகாத குழாயில் இவை மீட்டருக்கு மீட்டர் சிதறிக்கொண்டே போகும். 10 மீட்டரில் முறம் அளவுக்குள் விழுந்த ரவை, 30 மீட்டரில் வாசற்படி அகலத்துக்குப் பரவிவிடும். பன்றியின் நெஞ்சு அவ்வளவு பெரிதல்ல. ஒன்றிரண்டு ரவைதான் படும், மற்றவை வயிற்றிலும் காலிலும் படும்.

ஆண் பன்றிக்கு இன்னொன்றும் உண்டு. தோளிலிருந்து விலா வரை தோலுக்கடியில் தடித்த, கெட்டியான ஒரு படலம் இருக்கும். சில சென்டிமீட்டர் கனம் வரும். ஆண் பன்றிகள் ஒன்றையொன்று தந்தத்தால் குத்திக்கொள்ளும்போது காப்பாற்றும் கவசம் அது. தூரத்திலிருந்து வரும் ரவை அதிலேயே நின்றுவிடலாம். பன்றி காயத்தோடு புதருக்குள் போகும். காயம்பட்ட பன்றியைத் தேடிப் போவதுதான் வேட்டையிலேயே ஆபத்தான வேலை.

பன்றியின் தோளுக்கு இயற்கை கவசம் கொடுத்திருக்கிறது. மனிதன் தோளுக்கு அது இல்லை. இருப்பது மெல்லிய தசைநார்கள் மட்டுமே.

வலிக்கிற தோளோடு சுடுபவர் என்ன செய்கிறார்? உதை வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும். விசையை அழுத்தும் நேரத்தில் கண் மூடுகிறது, தோள் சுருங்குகிறது, கை வெட்டி இழுக்கிறது. குறி தவறுகிறது. பலத்துக்காக வாங்கிய தோட்டா பன்றியின் வயிற்றில் போய்ப் படுகிறது.

பலம் கூடினால் கறியிலும் கேடு

குண்டு வேகமாகப் போய் எலும்பில் பட்டால் ஈயம் பொடியாகச் சிதறும். வேகமான ரைபிள் குண்டின் துகள்கள் காயத்திலிருந்து ஒரு சாணுக்கும் அதிக தூரம் போய்த் தங்குகின்றன. எக்ஸ்ரே படங்களில் இது தெளிவாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஈயம் உடம்புக்கு எந்த அளவிலும் நல்லதல்ல. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு இரத்தக் கொதிப்பையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். ஆகவே சமையல்கட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. குண்டு பட்ட இடத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எறியுங்கள். இரத்தம் கட்டிக் கறுத்த கறியும் உடைந்த எலும்பும் வேண்டாம். நாய்க்கும் போடாதீர்கள்.
2. வேகவைப்பதால் ஈயம் போகாது. புளியும் வினிகரும் ஊற்றினால் துகள் இன்னும் கரைந்து குழம்பில் கலக்கும்.
3. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஈயக் குண்டால் சுட்ட கறி கொடுக்க வேண்டாம்.
4. காட்டுப் பன்றிக் கறியில் ஒட்டுண்ணிகளின் இளம்புழுக்கள் இருக்கலாம். உள்ளே சிவப்புத் தெரியாதபடி நன்றாக வேக வேண்டும்.

தோள் எப்படி அமைந்திருக்கிறது?

இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த உருண்டை. தோள் மூட்டு அப்படியல்ல, தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. பழம் தட்டைவிட்டு உருளாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவற்றில் மேலே உள்ள தசையின் நார், தோளெலும்புக் கூரைக்கும் கை எலும்புக்கும் நடுவே குறுகிய சந்தில் போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் அந்தச் சந்தில் நார் உரசுகிறது.

செம்பனைக் குலை வெட்டுபவர் நாள் முழுவதும் கையை மேலே வைத்தபடி இழுக்கிறார். 16 லிட்டர் மருந்து பம்ப் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ, அது வாரில் தொங்குகிறது. இப்படி ஆறு நாள் உரசி வீங்கிய நாரின் மேல் ஏழாம் நாள் துப்பாக்கி உதைக்கிறது. உதை ஒரு முறை. உரசல் ஆயிரம் முறை. இரண்டும் சேர்ந்துதான் தோளைக் கெடுக்கின்றன.

உங்கள் வலி எந்த வகை?

*அடிபட்ட வலி:* கட்டை பட்ட இடத்தில் கன்றிப்போய், தொட்டால் வலிக்கும். கை எல்லாப் பக்கமும் போகும். ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும்.

*நார் வீக்கம்:* கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் மட்டும் சுரீரென்று வலிக்கும், மேலே போய்விட்டால் குறையும். அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வராது. தோட்டத்தில் அதிகம் காணப்படுவது இதுவே.

*நார் கிழிதல்:* திடீரென்று தோள் பலம் போய்விடும். பிறர் தூக்கிவிட்டால் கை போகும், தானாகத் தூக்க முடியாது.

*உறைந்த தோள்:* மெல்ல மெல்ல மூட்டு இறுகிவிடும். பிறர் தூக்கிவிட்டாலும் கை போகாது. 40 வயதுக்கு மேல், குறிப்பாக இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதிகம். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் உண்டு. காரணம் தெரியாமல் தோள் இறுகினால் இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள். பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். தலைக்கு மேல் கை போகும் வேலையை நிறுத்துங்கள். ஆனால் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் இருந்தால் தோள் இறுகிவிடும். படுக்கும்போது நல்ல பக்கம் சாய்ந்து, வலிக்கும் கைக்கடியில் தலையணை வையுங்கள்.

வலி கொஞ்சம் தணிந்ததும் இந்தப் பயிற்சிகளைத் தொடங்கலாம்:

1. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு, சிறு வட்டமாக ஆட்டுங்கள். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று தடவை.
2. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறுங்கள். வலி வரும் இடத்தில் நிறுத்தி மெல்ல இறங்குங்கள். பத்து தடவை.
3. துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, புறங்கையால் கதவு நிலையை வெளிப்புறமாக அழுத்துங்கள். ஐந்து வினாடி, பத்து தடவை.
4. நிமிர்ந்து நின்று இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகில் ஒன்றாகச் சேர்த்து விடுங்கள். பத்து தடவை.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். நார் ஆற ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். பத்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிடாதீர்கள்.

தைலம் போட்டு மெல்ல உருவுவதில் தவறில்லை. கையை முறுக்கி, இழுத்து, "சொடக்கு எடுக்கிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். நார் கிழிந்திருந்தால் இன்னும் கிழியும்.

மாத்திரையில் பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மது அதிகம் குடிப்பவரும் ஈரல் நோய் உள்ளவரும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மற்ற வலி மாத்திரைகள் குடல் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் கொண்டுவரலாம். இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

சந்தையில் "ஒரே நாளில் வலி பறந்துடும்" என்று விற்கும் ஜாமு மாத்திரையில் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாமதிக்காமல் போக வேண்டிய நேரம்

- இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 கூப்பிடுங்கள்.
- விழுந்தபின் அல்லது சுட்டபின் தோளின் உருவம் மாறியிருந்தால்.
- கை மரத்துப்போனால், விரலில் பலம் குறைந்தால்.
- தோள் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால்.
- இரண்டு மூன்று வாரம் ஓய்வும் பயிற்சியும் கொடுத்தும் வலி குறையாவிட்டால்.

துப்பாக்கிக்காரர்களுக்கு

கட்டையை வைக்க வேண்டிய இடம் கழுத்தெலும்புக்குக் கீழே, தோள் முனைக்கு உள்பக்கமாக இருக்கும் சதைப்பள்ளம். கை எலும்பின் மேலும் வைக்காதீர்கள், கழுத்தெலும்பின் மேலும் வைக்காதீர்கள். தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி ஓடிவந்து குத்தும். உறுதியாக அணைத்துப் பிடித்தால் உடம்பும் சேர்ந்து பின்னே நகரும், அடி பரவிவிடும். முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நில்லுங்கள். கட்டையில் ரப்பர் மெத்தை போடலாம். துப்பாக்கியில் குறித்திருக்கும் நீளத்துக்கு மேற்பட்ட தோட்டாவைப் போடவே கூடாது, குழாய் வெடிக்கலாம். இரைச்சல் காதைக் கெடுக்கும், அடைப்பான் போடுங்கள்.

பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்கால் முட்டிக்குப் பின்னே, உடம்பின் கீழ்ப்பாதியில் குறி வையுங்கள். ஆடுகிற புதரைப் பார்த்துச் சுடாதீர்கள், அங்கே இருப்பது உங்கள் கூட்டாளியாக இருக்கலாம். சுட்டபின் உடனே பின்னால் ஓடாமல் அரைமணி நேரம் பொறுங்கள்.

துப்பாக்கி லைசென்ஸும் வனவிலங்கு இலாகாவின் வேட்டை லைசென்ஸும் இல்லாமல் போகாதீர்கள். இன்னொருவர் துப்பாக்கியை இரவல் வாங்காதீர்கள். சட்டம் மிகக் கடுமையானது. கறிக்காகப் போய் குடும்பத்தை நடுத்தெருவில் விடக் கூடாது.

வாரநாளில் கையைக் காது வரை வலியில்லாமல் தூக்க முடியாதவர் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைத் தூக்க வேண்டாம்.

வேலையிடத்தில்

அரிவாளைத் தினமும் தீட்டுங்கள். மொட்டை அரிவாளுக்கு மூன்று இழுப்பு, கூர் அரிவாளுக்கு ஒன்று. கையால் மட்டும் இழுக்காமல் காலை ஊன்றி உடம்பு எடையால் இழுங்கள். பெரிய குலையை இருவராகத் தூக்குங்கள். பம்பின் இரண்டு வாரையும் சமமாக்கி மாட்டுங்கள்.

வேலையால் தோள் வலித்தால் மறைக்காதீர்கள். அன்றே மண்டோரிடம் சொல்லி, டிரஸரிடம் எழுதிப் பதிவு செய்யுங்கள். டாக்டரிடம் என்ன வேலை, கை எத்தனை மணி நேரம் மேலே இருக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த சொக்சோவில் வேலைக் காயத்துக்கும் தொழில் நோய்க்கும் உதவி உண்டு. டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்பு எழுதினால், தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்க வழியிருக்கிறது.

வேட்டையில் பட்ட அடியை வேலையில் பட்டது என்று சொல்லாதீர்கள். பொய் பின்னால் உண்மையான கேஸையும் கெடுக்கும். அதேபோல, வேலையில் வந்த வலியை "நீ பன்றி சுடப் போறவன்தானே" என்று தட்டிக்கழிக்கவும் விடாதீர்கள். சங்கக் கிளையிடம் வாருங்கள்.

வேட்டையில் பட்ட அடிக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டர் சீட்டு வேண்டும், 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். இது உங்கள் உரிமை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெரட்டில் வந்து நிற்க வேண்டிய அவசியமில்லை.

ஆக, பெரிய தோட்டா உங்கள் தோளையும் கறியையும் கெடுக்கும், பன்றியைக் கூடுதலாகச் சாய்க்காது. தோளில் வலியிருந்தால் முதலில் அதை ஆற்றுங்கள். பன்றி அடுத்த மாதமும் காட்டில் இருக்கும். அந்தத் தோளை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள்.